கால் எரிச்சலை மறைக்காதீர்கள்

(தோட்டப்புற மக்களுக்கான உடல்நலக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து உழைத்த களைப்போடு இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். பால்வெட்டும் குலைவெட்டும் கைத்தொழில் என்று நாம் சொல்வதுண்டு. ஆனால் அந்தக் கைகளை மரத்துக்கு மரம் சுமந்து செல்பவை கால்கள். ஆகவே இன்று கால்களைப் பற்றியே பேச விரும்புகிறேன். குறிப்பாக, எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்வோரின் கால் நரம்புகளுக்கு உண்டாகும் சேதத்தைப் பற்றிச் சில உண்மைகளை உங்கள்முன் வைக்கிறேன்.

“இப்பேச்சு நமக்கெதற்கு?” என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் மலேசியத் திருநாட்டில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டில். தொடக்கத்தில் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோரிடையே ஊசி வழியாக மிகுதியாகப் பரவியது. பின்னர் உடலுறவு வழியாகப் பரவுவது பெருகியது. ஏதுமறியாத மனைவியரும் அதற்கு ஆளாயினர். பட்டணத்துக்கு ஒரு நோய், தோட்டத்துக்கு ஒரு நோய் என்று இயற்கை பிரித்து வைக்கவில்லை. இந்த மண்டபத்திலேயே யாரேனும் ஒருவர் தம் பாதங்களின் எரிச்சலை யாரிடமும் சொல்லாமல் அமர்ந்திருக்கலாம். அந்த ஒருவருக்காகவே நான் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு செய்யும் வேலை

மூளையும் தண்டுவடமும் தலைமை நிலையம் என்றால், அங்கிருந்து கைவிரல், கால்விரல் வரை ஓடும் புற நரம்புகள் தந்திக் கம்பிகள் போன்றவை. ‘கல் குத்துகிறது’, ‘நீர் சுடுகிறது’ என்னும் செய்திகளை அவை மேலே கொண்டு செல்கின்றன. ‘காலை எடு’ என்னும் கட்டளையைக் கீழே கொண்டு வருகின்றன. இடுப்பருகிலிருந்து கால் பெருவிரலுக்குச் செல்லும் நரம்பு ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் உடையது. உடலிலேயே மிக நீளமான நரம்புகள் இவைதாம். நீளம் மிகுந்த கம்பியில் பழுது முதலில் தெரிவதுபோல, நரம்பைக் கெடுக்கும் நோய்கள் பலவும் கால்விரல் நுனியிலேயே முதலில் தலைகாட்டுகின்றன.

நரம்பு நோய் நம் தோட்டங்களுக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் காலத்தில் இந்நாட்டின் சுரங்கங்களிலும் கூலிக் குடியிருப்புகளிலும் ‘பெரிபெரி’ என்னும் நோய் பல்லாயிரவரை வாட்டியது. கால்கள் மரத்து, வலுவிழந்து, முடிவில் இதயம் தளர்ந்து பலர் மாண்டனர். 1905, 1906-ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூரில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் ஒரு சோதனை நடத்தினார். ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசியும், மற்றொரு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து வந்தார். பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி பரவியது. புழுங்கலரிசி உண்டோர் பெரும்பாலும் தப்பினர். புழுங்கலரிசிச் சோறு உண்டு வந்த தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் குறைவாக இருந்ததை அக்காலத்து மருத்துவர்கள் முன்னரே கவனித்திருந்தனர். தவிட்டில் இருக்கும் ‘பி’ வகைச் சத்தின் குறைவே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

இந்தப் பழங்கதையை நான் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அன்றும் ‘பாவத்தின் பலன்’, ‘மண்ணின் விஷம்’ என்றெல்லாம் பேசினர். காரணத்தைத் தேடிக் கண்டவுடன் நோய் அடங்கியது. கால் மரத்துப்போனால் தேட வேண்டியது காரணத்தை என்னும் பாடத்தை இம்மண்ணே உலகுக்குக் கற்பித்தது.

எப்படி அறிவது?

எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்வோருக்கு வரும் நரம்புச் சேதங்களில் மிகப் பரவலானது, இரு பாதங்களிலும் ஒருசேரத் தொடங்குவது. முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு. பிறகு எரிச்சல், ஊசி குத்தல். இரவில் படுத்தபின் அது மிகும். போர்வை பட்டாலும் பொறுக்க இயலாது. சிலருக்கு வலியே இராது; பாதம் பஞ்சின்மேல் நடப்பதுபோல மரத்திருக்கும். நாளடைவில் காலுறை அணிந்ததுபோல் அம்மரப்பு கணுக்கால் வரை ஏறலாம். கால் போதிய அளவு ஏறியபின் கைவிரல்களிலும் தோன்றலாம்.

மருத்துவர் இதனை எளிதாகச் சோதிப்பார். இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்து, அதன் அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். பஞ்சாலும் மழுங்கிய ஊசியாலும் தொட்டுப் பார்ப்பார். சிறு சுத்தியலால் குதிகால் தசைநாணைத் தட்டிப் பாதம் துள்ளுகிறதா என்று காண்பார். சில நிமிட வேலைதான். ஆனால் அதற்கு நோயாளி காலணியைக் கழற்ற வேண்டும். மருத்துவரும் கழற்றச் சொல்ல வேண்டும்.

பாதம் மரத்தது என்றவுடன் தொழுநோய் என்று கிசுகிசுப்போர் உண்டு. தொழுநோயில் பெரும்பாலும் தோலில் நிறம் மாறிய தேமலும், ஆங்காங்கே உணர்வின்மையும் காணப்படும். அதுவும் இன்று மருந்தால் முற்றிலும் குணமாகும் நோயே. எதுவாயினும் முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். அண்டை வீட்டார் அல்லர்.

காரணங்கள் பல

முதற்காரணம் கிருமியே. அது நரம்பணுக்களுக்குள் நேரடியாகக் குடியேறுவது அரிது. ஆனால் அதன் மேலுறைப் புரதமும், அதனை எதிர்த்துப் போராடும் உடல் அணுக்கள் வெளிவிடும் பொருள்களும் நரம்பின் நுனிகளைத் தீய்த்துவிடுகின்றன. சிகிச்சை பெறாமல் எதிர்ப்பாற்றல் குன்றக் குன்ற இந்தச் சேதம் மிகுகிறது.

இரண்டாவது காரணம் சில பழைய மருந்துகள். ஸ்டவுடின், டிடனோசின், சால்சிட்டபின் என்னும் மூன்றும் ஒரு காலத்தில் உயிர் காத்தவை. அதே வேளையில், அணுக்களுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகளைக் கெடுத்து நரம்பையும் வருத்தியவை. ஸ்டவுடின் உண்டவர்களைக் கோலாலம்பூர், மெல்போர்ன், ஜகார்த்தா ஆகிய நகரங்களில் சோதித்த ஆய்வு ஒன்று 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 40 வயதை எட்டியவர்களுக்கும், 170 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாதவர்களுக்கும் நரம்புச் சேதம் வரும் வாய்ப்பு மிகுதி என்று அது காட்டியது. நரம்பு நீள நீளப் பழுதும் கூடுகிறது என்று முன்பு சொன்னதற்கு இது சான்று. அதே 2009-ஆம் ஆண்டில், ஸ்டவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. இன்று முதல்நிலை மருந்தாகக் கொடுக்கப்படும் கூட்டு மாத்திரைகளில் இம்மூன்றும் இல்லை.

மூன்றாவது, துணைக் காரணங்கள். காசநோய்க்குத் தரும் ஐசோநையசிட் என்னும் மருந்து, உடலில் உள்ள ‘பி 6’ சத்தைக் குறைத்து நரம்பைப் பாதிக்கக்கூடும். ஆகவேதான் அதனுடன் ‘பி 6’ மாத்திரை ஒன்றும் சேர்த்துத் தருகிறார்கள். ‘சத்து மாத்திரைதானே’ என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். ‘சத்துதானே’ என்று எண்ணித் தாமாகவே அள்ளி உண்பதும் தவறு. அளவு மிஞ்சினால் அந்தச் சத்தே நரம்பைக் கெடுக்கும். நம்மவர் ‘இனிப்புநீர்’ என்று சொல்லும் நீரிழிவும் கால் நரம்பின் பெரும் பகைவன். அடுத்தது சம்சு. மது நரம்புக்கு நேரடியாக நஞ்சாவதோடு, உணவையும் மறக்கச் செய்து சத்துக் குறைவையும் வரவழைக்கிறது. களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் தெளிக்கும் வேலை செய்வோர் அதனையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

நான் செய்த பிழை

நான் தோட்டத்து மருந்தகம் ஒன்றில் பணியாற்றிய காலம். ஆண்டு 2004. செம்பனைக் குலை வெட்டுபவர் ஒருவர் என்னிடம் வந்தார். பெயரும் ஊரும் வேண்டா. நல்ல உயரம், நாற்பதைக் கடந்தவர். பட்டணத்துப் பெரிய மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கு மருந்து பெற்று வந்தார் என்பது தோட்டத்தில் எனக்கு மட்டுமே தெரியும். “ஐயா, இரவெல்லாம் பாதம் தணலில் வைத்தாற்போல் எரிகிறது. மாத்திரையின் சூடுதான் காலில் இறங்குகிறது என்கிறார்கள்” என்றார்.

நான் சிரித்தேன். சூடாவது குளிர்ச்சியாவது என்று சொல்லி, தைலம் ஒரு புட்டியும் சத்து மாத்திரை சிலவும் கொடுத்து அனுப்பினேன். வெளியே நீண்ட வரிசை. அவருடைய காலணியைக் கழற்றச் சொல்லவில்லை. அவர் உண்ணும் மாத்திரையின் பெயரையும் கேட்கவில்லை.

அவர் தாமாகவே மாத்திரைகளை நிறுத்திவிட்டார். ஐந்து மாதம் கழித்து, இருமலும் காய்ச்சலுமாய் எலும்பும் தோலுமாக அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். காசநோய் முற்றியிருந்தது. பட்டண மருத்துவமனையில் காலணியைக் கழற்றியபோது, உள்ளங்காலில் செம்பனை முள் ஒன்று முறிந்து புதைந்து சீழ் வைத்திருந்தது. முள் தைத்ததே அவருக்குத் தெரியாது.

அவர் உண்டு வந்தவற்றில் ஸ்டவுடின் இருந்தது என்று அப்போதுதான் அறிந்தேன். எண்ணிப் பாருங்கள்: ‘மாத்திரையால் வருகிறது’ என்று அவர் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. நான்தான் கேட்கத் தவறினேன். அன்றே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதியிருந்தால், அந்த ஒரு மருந்தை மட்டும் மாற்றிக் கொடுத்திருப்பார்கள், சிகிச்சை அறுபட்டிராது. பின்னர் மருத்துவர் அதனைத்தான் செய்தார். காசநோய்க்கும் ‘பி 6’ சத்தோடு மருந்து கொடுத்துத் தேற்றினார். எரிச்சல் ஓராண்டுக்குள் மெல்லத் தணிந்தது. விரல்களின் மரப்பு மட்டும் நீங்கவில்லை. அவர் பிழைத்தார்; வேலைக்கும் திரும்பினார். இருப்பினும் அந்த ஐந்து மாதத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

சிகிச்சை என்ன?

முதலாவது, கிருமிக்குரிய கூட்டு மருந்தைக் காலத்தோடு தொடங்குவதும் தவறாமல் உண்பதும். எதிர்ப்பாற்றல் குன்றுமுன் தொடங்கினால் நரம்புச் சேதத்தின் வாய்ப்பு குறைகிறது. இதில் நம் அரசாங்கம் எடுத்த முயற்சிகளை இங்கே குறிப்பிடுவது பொருத்தம். 2003-ஆம் ஆண்டில், காப்புரிமைக்கு உட்பட்ட சில எச்.ஐ.வி. மருந்துகளின் மலிவான வகைகளை அரசாங்க மருத்துவமனைகளுக்காக இந்தியாவிலிருந்து தருவிக்க மலேசியா அனுமதி வழங்கியது. அதனால் மருந்தின் விலை இறங்கியது. இப்பொழுது அரசாங்க மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் முதல்நிலை மருந்து குடிமக்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு இக்கிருமி பரவுவதைத் தடுத்து நிறுத்திய நாடு என்று 2018-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று அளித்தது. மருந்து இருக்கிறது; அதனை நாடிச் செல்லும் துணிவுதான் வேண்டும்.

இரண்டாவது, காரணத்தைக் களைதல். நீரிழிவு, சத்துக் குறைவு, மது, பிற மருந்துகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மருத்துவர் ஆராய்வார். மூன்றாவது, வலியைத் தணித்தல். சாதாரணத் தலைவலி மாத்திரைக்கு நரம்பு வலி அவ்வளவாகக் கட்டுப்படாது. அதற்கென வேறு வகை மருந்துகள் உள்ளன. ஒருவருக்குக் கேட்பது மற்றொருவருக்குக் கேட்காது. ஆகவே பொறுமையாகச் சிலவற்றை மாற்றிப் பார்க்க நேரலாம். மிளகாயின் காரப்பொருளைச் செறிவாக்கிச் செய்த ஒட்டுப்பட்டை ஒன்றும் சில நாடுகளில் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள். மரத்த தோல் வெந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுபட்ட நரம்பு வளர்ந்தாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். கிருமி நன்கு அடங்கியபின்னும் பலருக்கு மரப்பும் எரிச்சலும் ஓரளவு எஞ்சிவிடுகின்றன. ‘ஒரே வாரத்தில் குணம்’ என்று புட்டி விற்போரை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பது நம்மவர் வழக்கு. பேய்க்குப் பார்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் நோய்க்குப் பார்ப்பதைத் தள்ளிப் போடலாகாது.

சில அறிகுறிகளுக்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இரு கால்களும் திடீரென வலுவிழத்தல், சிறுநீர் கழிக்க இயலாமை, முகம் ஒரு பக்கமாகக் கோணுதல், காய்ச்சலோடு விடாத தலைவலி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளித்து வரும் அக்கியும் நரம்பைப் பற்றும் நோய்தான். அதற்குரிய மருந்தை முதல் 3 நாள்களுக்குள் தொடங்குவது நல்லது. இளவயதினர்க்கு அக்கி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்வது அறிவுடைமை.

மரத்த பாதத்தைக் காப்பது எப்படி?

உணர்வற்ற பாதத்துக்குக் கண்ணே காவல். இரவில் படுக்குமுன் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய இயலாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வீட்டார் பார்த்துச் சொல்லலாம். காலையில் காலணியை அணியுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டு முள், கல், பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடவாதீர்கள். குளிக்கும் வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்னரே காலில் ஊற்றுங்கள். எரிச்சல் தணியட்டும் என்று பனிக்கட்டியையோ, இதமாக இருக்கட்டும் என்று சூடான ஒத்தடத்தையோ பாதத்தில் வைக்காதீர்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். சிறு புண்ணானாலும் கழுவித் துணிகட்டி மருந்தகத்தில் காட்டுங்கள். இரவில் போர்வை படுவது வேதனையாயின், கால்மாட்டில் ஒரு பெட்டியை வைத்து அதன்மேல் போர்வையைத் தாங்கச் செய்யுங்கள். சிறிய உபாயந்தான், ஆனால் உறக்கம் தரும்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

தாய்மார்களே! அந்தத் தொழிலாளிக்கு வீட்டில் தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று பின்னாளில் அறிந்தேன். எரியும் பாதத்தைவிட அந்தத் தட்டு அவரை அதிகம் சுட்டிருக்கும். ஒன்றாக உண்பதால் இக்கிருமி தொற்றாது. தொடுவதால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதால், கொசு கடிப்பதால் தொற்றாது. அவருடைய பாதத்துக்கு எண்ணெய் தடவிவிடலாம். புண்ணும் இரத்தமும் இருந்தால் மட்டும் கையுறை அணிந்துகொண்டால் போதும். ஒழுங்காக மருந்துண்டு, இரத்தச் சோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவு வழியாகவும் அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை.

தோட்ட மருந்தகங்களில் பணியாற்றும் என் இளைய தோழர்களுக்கும் ஒரு சொல். வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும், கால் எரிகிறது என்று வருபவரின் காலணியைக் கழற்றிப் பாருங்கள். என்ன மருந்து உண்கிறார் என்று கேளுங்கள். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். தம் இரகசியம் மருந்தகத்தின் படியைத் தாண்டாது என்னும் நம்பிக்கை இருந்தால்தான் மறுமுறையும் அவர் அந்தப் படியை மிதிப்பார்.

அன்பர்களே! இவ்வளவு நேரம் பேசியதில் இரண்டு வாக்கியங்கள் மட்டும் உங்கள் நினைவில் நின்றால் எனக்குப் போதும். வலியை மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

அந்தத் தொழிலாளி வேலைக்குத் திரும்பிய நாளில் மருந்தகத்துக்கு வந்தார். நான் கேட்குமுன்பே விசிப்பலகையில் அமர்ந்து, இரண்டு காலணிகளையும் கழற்றிப் பாதங்களை என்னிடம் நீட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். புண் இல்லை, முள் இல்லை. இருவரும் ஒன்றும் பேசவில்லை. அன்று தொடங்கிய வழக்கத்தை, நான் ஓய்வு பெறும் வரை, ஒவ்வொரு வாரமும் இருவரும் விடாமல் கடைப்பிடித்து வந்தோம்.